தென்காசிக் காசும் எழுதாமல் விட்ட ஒரு வரியும்

‘போலி’ என்ற சொல்லை அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன். நாணயப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள். ஓய்வு பெற்ற மனிதரின் பழக்கதோஷம் என்று நினைத்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்காமல் நான் எழுதிய ஒரு வரியால் தென்காசியில் ஒரு மனிதர் லாக்கப்பில் கிடந்தார். காசுகளை அடையாளம் காண்பது எப்படி என்பதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. இது அந்தப் புத்தகங்களில் இல்லாத விஷயம் என்பதால் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது. நான் தொல்பொருள் துறையின் சென்னை அலுவலகத்தில் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான்கு வருடம் என்பது ஆபத்தான கட்டம். ஒன்றும் தெரியாதவன் யாரையாவது கேட்பான். எல்லாம் தெரிந்தவன் தயங்குவான். நடுவில் நிற்கிறவன்தான் சட்டென்று பேனாவை எடுப்பான். நான் அப்போது நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் கிணறு வெட்டும்போது ஒரு சிறு கலயம் கிடைத்தது. உள்ளே பத்தொன்பது வெள்ளிக் காசுகள். வெட்டியவர்கள் ஒழுங்காகக் கிராம முன்சீப்பிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். வெள்ளியா, வேறு உலோகமா, எடை என்ன என்று மேலே எழுதி அனுப்ப வேண்டுமே. முன்சீப் அவற்றைத் தென்காசியில் பொன் வேலை செய்யும் சுடலைமுத்து ஆசாரியிடம் எடுத்துப் போனார். தராசில் பொய் சொல்லாதவர் என்று ஊரில் ஆசாரிக்குப் பெயர். அந்தச் சமயம் பார்த்து முன்சீப்புக்குப் புளியங்குடியில் நெருங்கிய உறவில் ஒரு சாவு. காசுகளை ஆசாரியிடமே விட்டுவிட்டுப் போனவர் இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்தார், பத்தொன்பது இருந்தது. ஒவ்வொன்றாக உற்றுப் பார்க்கவில்லை.

தாலுகா ஆபீஸிலிருந்து மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்தபோதுதான் விவகாரம் ஆரம்பித்தது. பதினெட்டுக் காசுகள் ஒரே ஜாடை. மெல்லியவை, பளிச்சென்று வெளுத்தவை, ஒரு ராஜா தலை, சுற்றிலும் எழுத்து. பத்தொன்பதாவது மட்டும் தடித்துக் கறுத்துப் போய், எழுத்தும் வேறு மாதிரியாக இருந்தது. நல்ல காசு ஒன்றை உருவிக்கொண்டு ஆசாரி கள்ளக் காசைச் செருகிவிட்டார் என்று அதிகாரிக்குச் சந்தேகம். முன்சீப் தன் தலை தப்பினால் போதும் என்று, “நான் குடுத்தது பத்தொன்பதும் நல்ல காசுதான்” என்று சொல்லிவிட்டார். ஆசாரியைப் போலீஸ் பிடித்துப் போனது. காசைப் பார்த்துக் கருத்துச் சொல்ல என்னை அனுப்பினார்கள்.

செங்கோட்டை வண்டியில் போய்த் தென்காசியில் இறங்கினேன். குற்றால சீசன். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் ஊர் முழுக்கச் சாரல். அதிகாரியின் அறையில் ஜன்னலோரம் மேசையைப் போட்டுக் கொடுத்தார்கள். பூதக்கண்ணாடியை எடுத்தேன். பதினெட்டும் ரோமானிய வெள்ளிக் காசுகள் என்று சொல்ல எனக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வேகமே எனக்குத் தலைக்கனத்தைக் கொடுத்தது. பத்தொன்பதாவதைக் கையில் எடுத்தேன்.

ஒரு பக்கம் ஆண் தலை. மறுபக்கம் ஒரு பெண்ணின் தலை. அந்தத் தலைக்கு மேலே, நம்பமாட்டீர்கள், யானையின் துதிக்கை. கீழே சின்னத் தந்தம். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளையாரு மாதிரில்லா இருக்கு” என்றார்.

எனக்கும் அதேதான் தோன்றியது. ரோம ராஜா காசில் பிள்ளையாருக்கு என்ன வேலை? எழுத்தைப் பார்த்தேன். ரோமானியக் காசு என்றால் லத்தீன் என்பது என் மண்டையில் ஆணி அடித்தமாதிரி இருந்தது. இதிலோ ஏ, ஒய், டி, ஓ என்று ஒரு வரிசை. அப்புறம் கே, பி, ஏ. லத்தீனில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. எழுத்துத் தெரியாதவன் பார்த்துப் பார்த்துக் கிறுக்கியது என்று முடிவு கட்டினேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பேனாக்கத்தியால் விளிம்பைச் சுரண்டினேன். இன்று உங்களில் யாராவது அப்படிச் செய்தால் கையைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவேன். சுரண்டிய இடத்தில் செம்பின் சிவப்பு தெரிந்தது. யானை, எழுத்து, செம்பு. சாட்சி மூன்றும் ஒரே பக்கம் நின்றன.

ஆசாரியைக் கூட்டி வந்தார்கள். நாற்பது வயதிருக்கும். ஒல்லி. ஊதுகுழல் ஊதி ஊதிக் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. நான்கு நாள் தாடி. கும்பிட்டுவிட்டு, நான் கேட்காமலே பேசினார்.

“ஐயா, ஒரே ஒரு வார்த்த சொல்லுதேன். நான் செஞ்சிருந்தா இம்புட்டு மோசமாவா செய்வேன்? பதினெட்டு காசு கண்ணு முன்னால கெடக்கு. அதப் பாத்து அச்சு மாறாம ஒண்ணு அடிக்க எனக்கு ஒரு நாளு போதும். ஒண்ணோட ஒண்ணு சேராத இத எதுக்குய்யா நான் வைக்கப் போறேன்?”

அதிகாரி மேசையைத் தட்டினார். “கேட்டியளா சார்? ஒரு நாளு போதுமாம்! அவன் வாயாலயே ஒத்துக்கிடுதான்!”

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த மனிதர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவர் சொன்னதில் எங்கள் தொழிலின் பாதி இருந்தது. கள்ளக் காசு அடிக்கிறவன் முன்னால் இருப்பதைப் பார்த்துத்தான் அடிப்பான். கூட்டத்தில் தனித்துத் தெரிகிற ஒன்றைச் செய்ய அவனுக்கு என்ன பைத்தியமா? காசைப் பற்றி அந்த அறையில் உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். அதைத்தான் நாங்கள் ஒப்புதல் வாக்குமூலமாக ஆக்கிக்கொண்டோம்.

அங்கேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். பதினெட்டு அசல் என்றும், ஒன்று போலி என்றும் எழுதினேன். அத்தோடு நின்றிருக்கலாம். யானை உருவம் கொடுத்த உற்சாகத்தில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: ‘உள்ளூர்ப் பொற்கொல்லரின் கைவேலை என்று கருத இடமுண்டு.’ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதிகாரிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் ஆசாரியின் ஜாமீன் மனு வருகிறது, இந்தக் காகிதம் ஒன்று போதும், இன்னும் பதினைந்து நாள் உள்ளே வைக்கலாம் என்றார். வண்டிக்கு மறுநாள் வரை நேரம் இருந்ததால் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டு வரச் சொன்னார்.

போனேன். பேரருவியில் நன்றாகக் குளித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் முதுகில் விழ விழ, உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லாக்கப்பில் இருந்தவரின் ஞாபகம் ஒரு நிமிஷம்கூட வரவில்லை.

குளித்த பசியில் ஓட்டலுக்குப் போனால் கூட்டம். ஒரே மேசையில் எதிரே ஒருவர் உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் ஜெபமணி. பாதிரிமார் படிக்கும் ஒரு கல்லூரியில் ஆசிரியர், சீசனுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தார். இட்லி வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். என் வேலையைக் கேட்டதும் அவருக்கு ஒரே ஆவல். எனக்கும் பெருமையடிக்க ஓர் ஆள் கிடைத்தது. காசின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படி என் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டி, “ஓர் ஆசாரி ரோமாபுரிக் காசு செய்திருக்கிறார், எழுத்து எப்படிக் கோணிக்கொண்டு போகிறது பாருங்கள்” என்றேன்.

சிரித்துக்கொண்டே வாங்கியவர் வெளிச்சத்துக்குத் திருப்பினார். சிரிப்பு நின்றுவிட்டது.

“சார், இதுல கோணலே இல்லியே. இது கிரேக்கு எழுத்தாக்கும். நான் தெனமும் போர்டுல எழுதிப்போடுதது இதத்தான். புதிய ஏற்பாட்ட இந்தப் பாசையிலதான வாசிக்கச் சொல்லிக்குடுக்கோம்.”

“கிரேக்கமா?”

“இத நீங்க இங்கிலீஷ் ‘பி’ன்னு வாசிச்சிருப்பிய. கிரேக்குல இது ‘ர’. அவ்தோக்ரா. மிச்சத்துக்கு இடம் பத்தல போல, சுருக்கிட்டான். தானே ஆளுதவன்னு அர்த்தம். சக்கரவர்த்தின்னு வச்சுக்கிடுங்களேன்.”

கிரேக்க எழுத்து நான் பார்க்காதது இல்லை. இந்தியாவின் வடமேற்கே ஆண்ட கிரேக்க ராஜாக்களின் காசுப் படங்களில் பார்த்திருக்கிறேன். ஆனால் ரோமானியக் காசில் அதைத் தேட வேண்டும் என்று தோன்றவே இல்லை. தாளில் ஓரமாக நின்ற மூன்று எழுத்துகளைக் காட்டினேன்.

“கடைசி ரெண்டும் எண்ணு சார். எழுத்த வச்சே எண்ணு போடுவாங்க. மொதலது பத்து, அடுத்தது ரெண்டு. பன்னெண்டு.” அவர் நெற்றியைச் சுருக்கினார். “ஆனா முன்னால நிக்குத ‘எல்’லுதான் இடிக்குது. இப்படி ஓர் எழுத்து கிரேக்குல கெடையாது. அது எனக்குப் பிடிபடல.”

அந்த நிமிஷத்தில் என் மனம் என்ன செய்தது தெரியுமா? சந்தோஷப்பட்டது. “அப்படியென்றால் போலியாகவும் இருக்கலாம், இல்லையா?” என்று கேட்டேன். ‘ஆமாம்’ என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று கெஞ்சுகிற குரல் அது. எனக்கே கேட்டது.

ஜெபமணி தாளைத் திருப்பிக் கொடுத்தார். “காசு விசயம் எனக்குத் தெரியாது சார். ஒண்ணு மட்டும் கேக்கேன். தென்காசியில கிரேக்கு வாசிக்குத ஆசாரி யாரும் இருக்காங்களா?”

இட்லியைத் தொடாமல் எழுந்துவிட்டேன். தென்காசி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஆசாரி சொன்ன ஒவ்வொரு சொல்லும் திரும்பக் கேட்டது. தந்தி ஆபீஸுக்குப் போய் சென்னையில் என் மேலாளருக்குத் தந்தி கொடுத்தேன், காசு கிரேக்க எழுத்து, என் கருத்தை மாற்ற வேண்டியிருக்கிறது என்று. மறுநாள் காலையில் பதில் வந்தது. புத்தகத்தோடு ஒப்பிடும்வரை கருத்தை மாற்றாதே, உடனே திரும்பி வா.

மேலாளர் கெட்டவர் அல்ல. அலுவலகத்தின் பெயர் ஒரே நாளில் இரண்டு விதமாகப் பேசக் கூடாது என்று பார்த்தார். யோசித்தால் அதுவும் நியாயம்தான். எனக்கு அந்த எல் என்ற எழுத்து விளங்கவில்லை, செம்பு விளங்கவில்லை, யானை சுத்தமாக விளங்கவில்லை. புத்தகம் சென்னையில் இருந்தது. நான் வண்டியேறிப் போய், புத்தகத்தைப் பார்த்து, முறையாகக் கடிதம் எழுதினால் என் மேல் ஒரு தூசு விழாது. அதற்குள் ஆசாரிக்குப் பதினைந்து நாள் போயிருக்கும். எனக்கு ஒரு ரயில் பயணம், அவருக்குப் பதினைந்து நாள் சிறை. நிலையத்தில் பெட்டியை வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி வந்தது. அது என்ன காசு என்று சொல்லத்தான் புத்தகம் வேண்டும், எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல எதற்குப் புத்தகம் என்று அப்போது தோன்றியது. வண்டியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தேன்.

வாசலில் அதிகாரி என்னைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார். “நேத்து போலி. இன்னைக்குத் தெரியலையா? நாளைக்கு வந்து இது காசே இல்ல, கடலைமிட்டாயின்னு சொல்லுவியளா சார்? நான் மேல என்ன பதில் சொல்லட்டும்?” என்றார். அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

மாஜிஸ்திரேட் என்னிடம், “அசல் என்கிறீரா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “போலி என்கிறீரா?” தெரியாது என்றேன். “நேற்று எப்படித் தெரிந்தது?” என்றார். அவசரப்பட்டுவிட்டேன், போலி என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், மேல் ஆய்வு வேண்டும் என்றேன். கோர்ட்டில் பின்னாலிருந்து யாரோ கனைத்தார்கள். அவ்வளவு அவமானத்தை நான் அதற்கு முன்னாலும் பட்டதில்லை, பின்னாலும் பட்டதில்லை. ஆசாரிக்கு ஜாமீன் கிடைத்தது.

சென்னைக்கு வந்ததும் முதல் வேலையாகப் புத்தகத்தைப் பிரித்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. எகிப்தில் அலெக்சாந்திரியா நகரத்தில் ரோமானியர்கள் தனியாக ஒரு நாணயச்சாலை வைத்திருந்தார்கள். அந்த மாகாணத்துக்குள் மட்டும் செல்லும் காசு. அங்கே கிரேக்க எழுத்துதான் வழக்கம். வெள்ளியில் செம்பைத் தாராளமாகக் கலப்பார்கள். அந்த எல் எழுத்தே அல்ல, ‘ஆண்டு’ என்பதற்கு அந்த ஊரில் போடும் குறி. பன்னிரண்டாம் ஆட்சியாண்டு, நீரோ மன்னன் காசு. அந்தப் பெண், அலெக்சாந்திரியா நகரத்துக்கே அவர்கள் கொடுத்த பெண் உருவம். யானைத் தலைத் தோலைத் தொப்பியாக மாட்டியிருக்கிறாள். போலி என்பதற்கு நான் பிடித்து வைத்திருந்த மூன்று சாட்சிகளும் அந்த நாணயச்சாலையின் அடையாளங்கள். எகிப்தைத் தாண்டிச் செலவாகாத காசு யார் மடியில் இருந்து அந்தக் கலயத்துக்குள் வந்ததோ, அது எனக்கு இன்றுவரை தெரியாது.

புதிய அறிக்கை எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து எழுதினேன். பத்தொன்பதும் அசல், ஒன்று அலெக்சாந்திரியா நாணயச்சாலையில் அடிக்கப்பட்டது. வழக்கைக் கைவிட்டார்கள். மேலாளர் என்னைத் திட்டிவிட்டு, பிறகு தோளில் தட்டிக் கொடுத்தார். தவறு திருத்தப்பட்டுவிட்டது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

மறுவருஷம் செங்கோட்டைப் பக்கம் ஒரு வேலை வந்தது. அறிக்கையின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு தென்காசியில் இறங்கினேன். நேரில் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணம். கடையைக் கண்டுபிடித்தேன். உள்ளே பொன் வேலைக்கான எந்த அடையாளமும் இல்லை. ஆசாரி ஓட்டைப் பித்தளைக் குடம் ஒன்றுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

என்னை அடையாளம் தெரிந்தது. உட்காரப் பலகை போட்டார். அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். ஆசாரியைப் பிடித்துப் போன அன்று சாயங்காலத்துக்குள் என் கொலுசைக் கொடு, என் தோட்டைக் கொடு என்று ஊரே வந்து அந்த அம்மாவிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. பாதி வேலையில் கிடந்த தாலிச் சரட்டைக்கூட விடவில்லை. விடுதலையாகி வந்த பிறகு ஒரு குன்றிமணிப் பொன்கூட யாரும் கொண்டுவரவில்லை. ஆசாரி இதை வருத்தமாகச் சொல்லவில்லை, மழை பெய்யவில்லை என்று சொல்வதுபோல் சொன்னார்.

நகலைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் காகிதத்தை விரலால் தடவி மெதுவாக வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“காசு அசல்னு எழுதியிருக்கிய.”

“ஆமாம் ஆசாரி. சந்தேகமே இல்லை.”

“நல்லதுய்யா. காசுக்கு ஆயிட்டு.” காகிதத்தை மடித்தார். “ஆசாரிமேல குத்தமில்லன்னு ஒத்த வரி இதுல எங்கனயும் இல்லியே?”

அவரிடம் நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. “அது என் வேலை இல்லை ஆசாரி. காசைப் பற்றி மட்டும்தான் எழுத எனக்கு அதிகாரம்” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குடத்தைத் திருப்பி ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “மொதல்ல எழுதயில என்னையும் சேத்துல்லாய்யா எழுதுனிய? அன்னைக்கு அந்த அதிகாரம் எங்கேருந்து வந்துது?”

சென்னைக்குத் திரும்பியதும் ஒரு திருத்தக் கடிதம் எழுதி மேலாளரிடம் வைத்தேன். அவர் காசைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டு, ஆசாரியைப் பற்றிய வரியைச் சிவப்பு மையால் அடித்தார். நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஓரத்தில் எழுதினார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். கோர்ட்டில் பட்ட அவமானத்தோடு என் தைரியம் தீர்ந்துபோயிருந்தது, போடவில்லை. அடுத்த தடவை நான் தென்காசி போனபோது அந்தக் கடையில் சைக்கிள் ரிப்பேர் நடந்துகொண்டிருந்தது. ஆசாரி குடும்பத்தோடு கொல்லம் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கோப்பு இன்னும் உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அதில் எழுத இன்று எனக்கு உண்மையாகவே அதிகாரம் கிடையாது. உங்களுக்கு உண்டு. கடைசித் தாளில் பாதி வெறுமையாகக் கிடக்கும். யாராவது ஒருவர் பேனாவை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். காசைச் சுடலைமுத்து ஆசாரி மாற்றவில்லை. தன்னை நம்பிக் கொடுத்த பத்தொன்பதையும் அவர் அப்படியே திருப்பிக் கொடுத்தார்.